அட்ஜுடன்ட்டின் ஆல்பம்

ஆல்பத்தின் முதல் பக்கத்தில் சீருடை அணிந்த இருவர் நிற்கிறார்கள். கீழே ஜெர்மன் மொழியில் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது: கமாண்டன்ட் பேயருடன், ஆஷ்விட்ஸ், 21.6.44. பேயருடன் நிற்பவர் யார் என்று குறிப்பு சொல்லவில்லை. சொந்த ஆல்பத்தில் சொந்தப் பெயரை யாரும் எழுதிக்கொள்வதில்லை. 2007 ஜனவரியில் இந்த ஆல்பம் வாஷிங்டனில் உள்ள யூதப் படுகொலை நினைவு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தபோது, 116 படங்களும் ஒரு கேள்வியும் சேர்ந்தே வந்தன. 1946இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆளில்லாமல் கிடந்த ஒரு குடியிருப்பில் அமெரிக்க ராணுவ உளவுத்துறை அதிகாரி ஒருவர் இதைக் கண்டெடுத்து, 60 ஆண்டுகள் தன்னிடமே வைத்திருந்தார். தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, முதிய வயதில் ஒப்படைத்தார். ரெபெக்கா எர்பெல்டிங் முதலான ஆவணக் காப்பாளர்கள் முதல் பக்கத்துத் தேதியைப் பிடித்துக்கொண்டு தேடினார்கள். 1944 ஜூன் 21 அன்று நாஜிகளின் எஸ்.எஸ். அமைப்பில் லெப்டினன்ட்டுக்கு நிகரான பதவிக்கு உயர்த்தப்பட்டவர் கார்ல் ஹோக்கர், ஆஷ்விட்ஸ் முகாம் கமாண்டன்ட் ரிச்சர்ட் பேயரின் அட்ஜுடன்ட். ஆக, முதல் படம் ஒரு பதவி உயர்வின் பதிவு. ஆல்பத்துக்குச் சொந்தக்காரரைக் காட்டிக்கொடுத்ததும் அந்தப் பதவி உயர்வுதான்.

இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: இவ்வளவு பெரிய கொடுமையைச் செய்தவர்கள் இப்படிச் சிரித்துக்கொண்டு, பாடிக்கொண்டு, நாயைக் கொஞ்சிக்கொண்டு இருந்தார்களே என்ற திகைப்பு. திகைப்பு நியாயமானது. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால், படங்கள் நமக்குச் சொல்ல வேண்டியதில் பாதியைக்கூடச் சொல்லாமல் போகும். என் வாதம் இது: இந்த ஆல்பம் கொலையாளிகளின் ஓய்வு நேரத்தைக் காட்டுவதாக எடுத்துக்கொண்டால் வலுவிழக்கிறது. ஓர் அதிகாரியின் பணிப்பதிவேடாகப் படித்தால், அதுவும் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அந்த நாளில் அந்த முகாமில் நடந்ததை வைத்துப் படித்தால், அது வலுவான வரலாற்றுச் சான்றாகிறது. தனியாக வைத்துப் பார்த்தால் அது ஹோக்கர் சொல்ல விரும்பியதை மட்டுமே சொல்லும்.

ஹோக்கர் 1911இல் வடமேற்கு ஜெர்மனியின் எங்கர்ஸ்ஹவுசன் என்ற ஊரில் பிறந்தவர். கொத்தனாராக இருந்த தந்தை முதல் உலகப்போரில் இறந்தார். ஆறு பிள்ளைகளை வளர்க்கத் தாய் சிரமப்பட்டார். கடைசிப் பிள்ளையான கார்ல் படித்து லூபெக்கெ என்ற சிற்றூரில் வங்கிக் காசாளர் ஆனார். 1933இல் எஸ்.எஸ்., 1937இல் நாஜிக் கட்சி. போர் தொடங்கிய பின் நோயன்காம்ம முகாமுக்கு அனுப்பப்பட்டார், 1943 மே மாதம் போலந்தில் உள்ள மைதானெக் முகாமில் அட்ஜுடன்ட், 1944 மே மாதம் ஆஷ்விட்ஸ். போர்முனைக்குப் போன வாழ்க்கை அல்ல இது. ஒரு முகாம் அலுவலகத்திலிருந்து இன்னொரு முகாம் அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போன வாழ்க்கை. அட்ஜுடன்ட் என்பவர் கமாண்டன்ட்டின் வலது கை. வரும் தந்தி, போகும் உத்தரவு, காவலர்களின் விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை, விருந்தினர் வருகை எல்லாம் அவர் மேசை வழியாகவே போகும். எந்த ஊரிலிருந்து எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு ரயில் வருகிறது என்ற டெலிபிரிண்டர் செய்தி வருவதும் அந்த அலுவலகத்துக்குத்தான். துப்பாக்கியைத் தொடாமல் ஒரு கொலை இயந்திரத்தை ஓடவைக்க முடியும் என்பதற்கு இந்தப் பதவியைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இந்த மனிதர் தன்னை எப்படிப் பதிவு செய்துகொண்டார் என்று பாருங்கள். எஸ்.எஸ். மருத்துவமனைத் திறப்பு விழா இருக்கிறது. துப்பாக்கிப் பயிற்சி இருக்கிறது. முயல் வேட்டை, அதிகாரிகளின் விருந்து, குண்டுவீச்சில் இறந்தவர்களுக்கு ராணுவ மரியாதையுடன் இறுதிச் சடங்கு, 1944 டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் ஹோக்கர், அவர் வளர்த்த ஃபேவரிட் என்ற நாய். ஒரு ராணுவ அதிகாரியின் ஆல்பத்தில் என்னென்ன இருக்குமோ அத்தனையும் இருக்கின்றன, போர் ஒன்றைத் தவிர. எஸ்.எஸ். முறையான ராணுவம் அல்ல. அதன் முகாம் நிர்வாகப் பிரிவு ராணுவத்திடமிருந்து சீருடையை, பதவி வரிசையை, சடங்குகளைக் கடன் வாங்கியது. ஒரு வங்கிக் காசாளரைப் படைவீரனாக அவர் கண்ணுக்கே காட்டியது இந்த வேஷம்தான். வேஷம் வெறும் துணியால் நிற்காது, கண்ணாடி வேண்டும். கேமரா அந்தக் கண்ணாடியாக இருந்தது. நம் ஊர் அலுவலகங்களில் ஒருவர் பணி ஓய்வு பெறும் நாளில் எடுக்கும் குரூப் போட்டோவில் நாற்காலி யாருக்கு, நிற்பவர் யார், மேலதிகாரிக்குப் பக்கத்தில் யார் என்பதை வைத்தே அந்த அலுவலகத்தின் அதிகாரப் படிநிலையைச் சொல்லிவிடலாம். இந்த ஆல்பத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும். பல படங்களில் ஹோக்கர் கமாண்டன்ட்டுக்கு அருகில் இருக்கிறார், அல்லது அவருக்கு ஓர் அடி பின்னால். அந்த இடம் தற்செயலாக அமைவதில்லை.

ஆஷ்விட்ஸிலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில், சோலா ஆற்றங்கரையில் சோலாஹ்யூட்டெ என்ற மலை விடுதி இருந்தது. கட்டியவர்கள் கைதிகள், தங்கியவர்கள் எஸ்.எஸ். ஆட்கள். கடமையில் சிறந்தவர்கள் என்று மதிப்பிடப்பட்டவர்களுக்கு வெகுமதியாக அங்கே சில நாள் போய்வர அனுமதி கிடைக்கும். 1944 ஜூலை 22ஆம் தேதி ஹோக்கர் அங்கே ஒரு பெண்கள் குழுவுடன் இருந்தார். எஸ்.எஸ். அலுவலகங்களில் தொலைபேசி, டெலிபிரிண்டர், எழுத்து வேலைகளைச் செய்துவந்த இளம்பெண்கள் அவர்கள். விடுதியின் மரத்தளத்துக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஹோக்கர் ஒவ்வொருவருக்கும் கிண்ணத்தில் புளூபெர்ரிப் பழம் கொடுக்கிறார். ஒருவர் அக்கார்டியன் வாசிக்கிறார். அடுத்தடுத்த படங்களில் அவர்கள் சாப்பிடுகிறார்கள். கடைசியில் கிண்ணங்களைக் கவிழ்த்துக் காட்டுகிறார்கள். பழம் தீர்ந்துபோனதற்காக ஒரு பெண் அழுவதுபோல் நடிக்கிறாள். ஒரே படமாக இல்லாமல் தொடராக எடுக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். இங்கே புளூபெர்ரி கிடைக்கும் என்ற தலைப்பும், கொடுப்பது, தின்பது, தீர்ந்தது என்ற வரிசையும் இருக்கின்றன. முன்கூட்டியே யோசித்து, நடிக்கச் சொல்லி, ஒரு சிறுகதைபோல அமைத்த படங்கள் இவை. பார்ப்பவரைச் சிரிக்கவைக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. பார்ப்பவர் யார்? வீட்டில் இருப்பவர்கள், சக அதிகாரிகள், பின்னாளில் வயதான ஹோக்கர்.

அதே ஜூலை 22 அன்று ஆஷ்விட்ஸுக்கு 150 பேர் கொண்டுவரப்பட்டார்கள் என்கிறது முகாமின் நாட்குறிப்பைத் தொகுத்த அருங்காட்சியகக் குறிப்பு. அவர்களில் 21 ஆண்களும் 12 பெண்களும் வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். மீதி 117 பேர் விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த முகாமின் கணக்கில் இது மிகச் சாதாரண நாள். மே 15 முதல் ஜூலை 9 வரை ஹங்கேரியிலிருந்து ஏறத்தாழ 4,40,000 யூதர்கள் ரயிலேற்றப்பட்டார்கள், பெரும்பாலோர் ஆஷ்விட்ஸுக்கு. ஒரே நாளில் பல ரயில்கள் வந்த வாரங்கள் அவை. ஹோக்கரின் பதவி உயர்வுப் படம் எடுக்கப்பட்ட ஜூன் 21 அந்த எட்டு வாரங்களுக்கு நடுவே வருகிறது. இந்த வேலையை மேற்பார்வையிடவே பழைய கமாண்டன்ட் ருடோல்ஃப் ஹோஸ் மே மாதம் திரும்ப அழைக்கப்பட்டிருந்தார். ஜூலை இறுதியில் அவர் விடைபெற்றபோது சோலாஹ்யூட்டெயில் அதிகாரிகள் கூடினார்கள். ஆல்பத்தில் அந்தக் கூட்டமும் இருக்கிறது. மலைச்சரிவில் வரிசை வரிசையாகச் சீருடைகள், அக்கார்டியன், திறந்த வாய்கள், எல்லோரும் பாடுகிறார்கள். முன்வரிசையில் ஹோஸ், பேயர், ஹோக்கர், முகாமின் பிர்கனாவ் பகுதிக்குக் கமாண்டன்டாக இருந்த யோசஃப் கிராமர், சுடலைகளின் பொறுப்பாளர் ஓட்டோ மோல், மருத்துவர் யோசஃப் மெங்கெலெ. மெங்கெலெ ஆஷ்விட்ஸில் இருந்த காலத்துப் படங்கள் என்று உறுதிசெய்யப்பட்டவை அதற்கு முன் கிடைத்ததே இல்லை. இந்த ஆல்பத்தில் எட்டு இருக்கின்றன. ஒரு பெரும் பணி முடிந்ததற்கான விருந்து அது. பணி என்னவென்று ஆல்பம் சொல்லவில்லை. தேதி சொல்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஆல்பத்தில் கைதிகள் இல்லை என்பதைப் பெரிதுபடுத்தலாமா? முகாம் பகுதியில் அனுமதியின்றிப் படம் எடுக்கத் தடை இருந்தது. அதிகாரி தன் சொந்த ஆல்பத்தில் எதை ஒட்ட முடியுமோ அதைத்தான் ஒட்டியிருப்பார். இல்லாததை வைத்து ஒருவரின் மனதைப் படிப்பது வரலாற்றாசிரியனுக்கு அழகா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. இல்லாமையை மட்டும் வைத்து வாதாடுவது உண்மையிலேயே ஆபத்தான வழி. ஆனால் நம்மிடம் இருப்பது இல்லாமை மட்டுமல்ல. அதே முகாமில், அதே கோடையில் தொகுக்கப்பட்ட இன்னொரு ஆல்பம் இருக்கிறது. அது பெரும்பாலும் கைதிகளையே காட்டுகிறது.

1945 ஏப்ரலில், ஜெர்மனியின் டோரா முகாமில் உயிர்பிழைத்த இளம்பெண் லிலி யாக்கோப், எஸ்.எஸ். ஆட்கள் விட்டுவிட்டு ஓடிய குடியிருப்பில் ஓர் ஆல்பத்தைக் கண்டெடுத்தார். திறந்து பார்த்தால் அவருடைய ஊர் மக்கள், அவருடைய ரபி, அவருடைய தம்பிகள் இருவர். ஹங்கேரி வசமிருந்த கார்பேத்திய மலைப்பகுதியிலிருந்து தன்னுடன் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் கடைசிப் படங்கள் அவர் கைக்கே வந்து சேர்ந்தன. ஏறத்தாழ 190 படங்கள்: ரயிலிலிருந்து இறங்குதல், ஆண் பெண் எனப் பிரித்தல், வேலைக்கு ஆகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட முதியவர்கள், குழந்தைகளுடன் மரங்களுக்கடியில் காத்திருக்கும் தாய்மார்கள், மலைபோல் குவிந்த மூட்டைகள். அந்த மரங்களுக்கடியில் காத்திருந்தவர்கள் விஷவாயு அறைக்குப் போக வேண்டிய முறைக்குக் காத்திருந்தார்கள். படமெடுத்தது முகாமின் அடையாளப் புகைப்படப் பிரிவு. அந்தப் பிரிவின் எஸ்.எஸ். ஆட்களான பெர்ன்ஹார்ட் வால்ட்டரும் எர்ன்ஸ்ட் ஹோஃப்மனும் எடுத்தவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே கேமரா ரயில் மேடைக்குப் போக முடிந்தது. அதிகாரபூர்வமாகவே போனது. தடை வேலையை மறைத்தது; வேலையைச் செய்தவர்களிடமிருந்து அல்ல. இதில் கூடவே நினைவில் வைக்க வேண்டியது, 1945 தொடக்கத்தில் ஆஷ்விட்ஸைக் காலி செய்த பேயரும் ஹோக்கரும் பதவியேற்றுப் போன இடம் இதே டோரா என்பது. பேயர் கமாண்டன்ட், ஹோக்கர் மறுபடியும் அட்ஜுடன்ட்.

இரண்டு ஆல்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதலாவதன் அமைப்பு விளங்கிவிடுகிறது. ஒன்று அலுவலகத்தின் ஆல்பம்: பக்கத்துக்குப் பக்கம் தலைப்பு, வகைபிரிப்பு, செயல்முறையின் வரிசை. அதில் எஸ்.எஸ். ஆட்கள் ஓரத்தில் வருகிறார்கள். மற்றது அலுவலரின் ஆல்பம்: அதில் அவர்கள் மட்டுமே. ஒரே நிறுவனத்தின் ஒரே கோடைக்காலம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, பணி ஒரு புத்தகத்திலும் பணியாளன் இன்னொரு புத்தகத்திலும் ஒட்டப்பட்டிருக்கின்றன. இந்தப் பிரிப்பைச் செய்ய ஹோக்கர் தனிப்பட்ட முறையில் வஞ்சகராக இருந்திருக்க வேண்டியதில்லை. அந்த அமைப்பே அப்படித்தான் இயங்கியது. இங்கே ரயில் மேடை, அங்கே மலை விடுதி. இடையில் 30 கிலோமீட்டர் சாலை. விடுதி இல்லாமல் மேடை ஓடாது என்பதை அமைப்பு அறிந்திருந்ததால்தான் விடுதியைக் கட்டியது.

அடுத்த மறுப்பு சட்டம் சார்ந்தது, இதைவிடக் கடினமானது. ஓய்வெடுப்பது குற்றமா? பழம் தின்றதற்காக யாரையும் தண்டிக்க முடியுமா? ஆஷ்விட்ஸில் பணியாற்றியவர்கள்மீது நடந்த ஃபிராங்க்ஃபர்ட் வழக்கின்போது இந்த ஆல்பம் கிடைத்திருந்தால் எதை நிரூபித்திருக்கும்? அரசு வழக்கறிஞர் ஃபிரிட்ஸ் பவரின் முயற்சியால் 1963 டிசம்பர் முதல் 1965 ஆகஸ்ட் வரை நடந்த அந்த வழக்கில் பேயர்தான் முதல் குற்றவாளியாக நிற்க வேண்டியவர். விசாரணை தொடங்குவதற்கு ஆறு மாதம் முன், 1963 ஜூனில், காவலில் இறந்துபோனார். அதன்பின் வழக்கு முல்கா என்பவரின் பெயரால் அறியப்பட்டது. அவரும் ஓர் அட்ஜுடன்ட்தான், ஹோஸிடம் இருந்தவர். ஹோக்கர் தான் ரயில் மேடைக்குப் போனதில்லை, கொலையில் பங்கில்லை என்று மறுத்துவந்தார். அன்றைய மேற்கு ஜெர்மனியின் சட்டம் கொலைக்குத் தனிமனிதனின் கைச்செயலைக் கேட்டது. மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் உடந்தை என்ற அளவிலேயே சிக்கினார்கள். ஹோக்கருக்குக் கிடைத்தது 7 ஆண்டுகள். 1970இல் விடுதலையாகி, பழைய வங்கி வேலைக்கே திரும்பினார்.

ஆல்பம் அவரை ரயில் மேடையில் நிறுத்தியிருக்காது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். லிலி யாக்கோப்பின் ஆல்பம் ஃபிராங்க்ஃபர்ட் நீதிமன்றத்தில் வேறு ஒருவருக்கு எதிராக அப்படிப் பயன்பட்டது: ரயில் மேடையில் எடுத்த ஒரு படத்தில் ஸ்டீஃபான் பாரெட்ஸ்கி என்ற காவலர் அடையாளம் காணப்பட்டார். அத்தகைய நேரடிச் சான்று ஹோக்கரின் ஆல்பத்தில் கிடையாது. அது நிரூபிக்கக்கூடியது வேறொன்று: நெருக்கம். ஹோஸ், மோல், கிராமர், மெங்கெலெ ஆகியோருடன் தோளோடு தோள் உரசி நின்ற ஒருவர், அவர்கள் என்ன செய்தார்கள் என்று தனக்குச் சரியாகத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. சோலாஹ்யூட்டெ பணிக்கு வெளியே இருந்த இடமும் அல்ல. வெகுமதி என்பது கூலியின் ஒரு பகுதி. யாருக்கு அந்த விடுதி கிடைக்கும் என்று தீர்மானிக்கும் உத்தரவுகள் எந்த அலுவலகத்தின் வழியாகப் போயினவோ, அந்த அலுவலகத்தின் தலைவர் அங்கே கிண்ணம் வழங்குகிறார். புளூபெர்ரி வரிசையை நான் ஓய்வு நேரப் படமாகக் கொள்ளாததற்குக் காரணம் இதுதான். ஓர் அதிகாரி தன் கீழ் உள்ள பணியாளர்களை எப்படிக் கட்டிக்காத்து, உற்சாகப்படுத்தி, மறுநாள் மறுபடி டெலிபிரிண்டர் முன் உட்காரவைத்தார் என்பதன் பதிவு அது. அந்தப் பெண்களில் சிலர் அந்த வாரம் எந்தச் செய்திகளைத் தட்டச்சு செய்திருப்பார்கள் என்று யோசித்தால், படத்தின் ஓரத்தில் இருக்கும் அக்கார்டியன்கூட அலுவலகச் சாதனமாகத் தெரிகிறது.

கடைசியில் ஹோக்கரை மறுபடி சிக்கவைத்ததும் படமல்ல, காகிதம். மைதானெக்கில் அட்ஜுடன்டாக இருந்தபோது ஸைக்ளான் பி நச்சுவாயுவைக் கொள்முதல் செய்ததில் அவருக்கு இருந்த பங்குக்காக 1989இல் பீலஃபெல்ட் நீதிமன்றம் 4 ஆண்டுகள் தண்டனை விதித்தது. கொள்முதல் உத்தரவும் ரசீதும் 45 ஆண்டுகளுக்குப் பின்னும் பேசின. 2000ஆம் ஆண்டு ஜனவரியில், 88 வயதில், அவர் இறந்தார். ஆல்பம் வெளியே வந்தது அதற்கு ஏழு ஆண்டுகளுக்குப் பின். நீதிக்கு அது காலம் கடந்தது. வரலாற்றுக்கு அப்படிக் காலக்கெடு எதுவும் இல்லை, எஸ்.எஸ். கோப்புகளின் வறண்ட வரிகளுக்குள் இருந்த கடமை, தோழமை, வெகுமதி போன்ற சொற்கள் எந்த முகங்களில், எந்த மலைச்சரிவில் நடைமுறையில் இருந்தன என்பதைக் காட்டும் ஆவணங்கள் மிக அரிது.

மூன்றாவது மறுப்பு அறம் சார்ந்தது. பலியானவர்களின் வழித்தோன்றல்கள் உயிரோடு இருக்கும்போது, கொலையாளிகளின் சிரிப்பை அருங்காட்சியகச் சுவரில் மாட்டுவது அவர்களுக்கு இன்னொரு மேடை அமைத்துக் கொடுப்பதாகாதா? இதில் உண்மை இருக்கிறது. படங்கள் நன்றாக எடுக்கப்பட்டவை, ஒளி அழகாக விழுந்திருக்கிறது, முகங்கள் இளமையானவை. பார்ப்பவரின் கண் தன்னையறியாமல் அவர்கள் பக்கம் சாயும். அதனால்தான் இந்த ஆல்பத்தை வேறு படங்கள் அருகில் இல்லாமல் காட்டக் கூடாது என்று நினைக்கிறேன். அந்த வேறு படங்களுக்குப் பஞ்சமில்லை. முகாமின் அடையாளப் பிரிவில் கைதியாகவே வேலை செய்த போலந்துப் புகைப்படக்காரர் வில்ஹெல்ம் பிராஸெ 40,000க்கும் மேற்பட்ட கைதிகளைப் படமெடுக்க வேண்டியிருந்தது. 1945 ஜனவரியில் எல்லாவற்றையும் எரிக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது, அவரும் தோழர்களும் அடுப்பை ஈரக் காகிதத்தால் அடைத்துத் தீயை மூச்சுமுட்டவைத்தார்கள். 38,916 படங்கள் இன்றும் இருக்கின்றன. 1944 ஆகஸ்டில், சடலங்களை எரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட யூதக் கைதிகள் ஐந்தாம் சுடலையருகே ஒளிந்துகொண்டு நான்கு படங்கள் எடுத்தார்கள். திறந்தவெளியில் எரியும் பிணங்கள், ஆடை களைந்து ஓடவைக்கப்படும் பெண்கள், ஒன்றில் மரக்கிளைகளும் வானமும் மட்டும். படச்சுருள் பற்பசைக் குழாயில் ஒளித்து வெளியே கடத்தப்பட்டு, கிராக்கோவில் இருந்த போலந்து எதிர்ப்பியக்கத்திடம் சேர்ந்தது. கோணல்மாணலாக, குவியம் தவறி இருக்கும் அந்த நான்கு படங்களை எடுத்தவர்களுக்கு நின்று பார்க்கவோ குறிவைக்கவோ நேரம் இல்லை. ஹோக்கரின் பக்கங்களில் இருக்கும் நிதானமும் சட்டகத்தின் நேர்த்தியும் எவ்வளவு பெரிய அதிகாரத்தின் அடையாளம் என்பது இந்த நான்கை அருகே வைத்தால்தான் புரிகிறது. அவருக்கு நேரம் இருந்தது. புளூபெர்ரிக் கிண்ணங்களைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லி மறுபடி எடுக்கும் அளவுக்கு இருந்தது.

இந்த வாசிப்பு முறை ஹோக்கருக்கு மட்டும் பொருந்தும் விதிவிலக்கா என்ற கேள்விக்கு 2020இல் வெளியான இன்னொரு தொகுப்பு விடை தருகிறது. சோபிபோர் கொலை முகாமின் துணைக் கமாண்டன்ட் யோஹான் நீமனின் குடும்பத்தில் இருந்த 361 படங்கள் அவை. 1930களின் முகாம் காவல் பணி, ஊனமுற்றோரையும் மனநோயாளிகளையும் கொன்ற திட்டத்தில் செய்த வேலை, பெல்செக், சோபிபோர் என்று ஒரு பணிவாழ்வு முழுக்கத் தேதி வரிசையில் இருக்கிறது. அதற்கு முன் சோபிபோர் இயங்கிய காலத்துப் படங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தன. இங்கே 49. அவற்றில் ஒன்றில் நீமன் ரயில் மேடையில் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். வேறு சிலவற்றில் அதிகாரிகள் மேசையைச் சுற்றி மது அருந்துகிறார்கள். பெர்லினுக்கும் பாட்ஸ்டாமுக்கும் முகாம் ஆட்கள் அழைத்துச் செல்லப்பட்ட சுற்றுலாவும் உண்டு, சோலாஹ்யூட்டெயைப் போல அதுவும் வெகுமதிதான். குறைந்தது 1,67,000 பேர் கொல்லப்பட்ட இடம் அது. ஆனால் நீமனின் தொகுப்பில் ஹோக்கரிடம் இல்லாத ஒன்று நடந்தது. படங்களின் ஓரங்களில் கூரையும் வேலியும் கோபுரமும் இருப்பதால், ஆய்வாளர்கள் அவற்றை உயிர்பிழைத்தவர்களின் வாக்குமூலங்களோடு பொருத்தி, நாஜிகள் இடித்துத் தரைமட்டமாக்கி மரம் நட்டு மறைத்த முகாமின் அமைப்பை மறுபடி வரைய முடிந்தது. தன் பெருமைக்காக ஓர் அதிகாரி சேர்த்த படங்கள், அவர் நிறுவனம் அழித்த தடயங்களைத் திருப்பிக் கொடுத்தன.

நீமனின் வரிசை 1943 அக்டோபர் 14இல் நின்றுபோகிறது. அன்று பிற்பகல், கைதிகளின் தையல் அறைக்கு உடை அளவு பார்க்க வந்த அவரைக் கோடரியால் வெட்டி எழுச்சியைத் தொடங்கினார்கள். சுமார் 300 பேர் வேலியைத் தாண்டி ஓடினார்கள். அவர்களில் போர் முடியும்வரை உயிரோடு இருந்த சிலரின் சாட்சியங்கள்தான், அந்த 49 படங்களில் எந்தக் கூரைக்குக் கீழே என்ன நடந்தது என்பதை இன்று நமக்குச் சொல்கின்றன.